காணிக்கைப் பாட்டில் வெறுமனே கிடந்த இடம்

மகள் போனில் சொன்னாள். "அம்மா, மிடியை மாத்திட்டாகளாம். அப்பா கேட்டதெல்லாம் இப்ப வந்துருச்சு." கணிப்பொறி வேலை பார்க்கிறவள், இந்த மாதிரி விஷயங்கள் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையின் ஒலியையும் தனித்தனியாக வளைக்கலாமாம். விரல் அழுத்தத்தை முன்னைவிட எத்தனையோ மடங்கு நுணுக்கமாக அளக்கலாமாம். "அப்பா இருந்திருந்தா குதிச்சிருப்பாக" என்றாள். குதித்திருப்பார்தான். "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு எரிச்சல் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு எரிச்சல் வர ஆள் வேண்டியதில்லை. காரைக்குடியில் என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

மிடி என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர். கல்யாண சீசனில் இன்னிசைக் குழுவோடும் போவார். ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "திருச்சிக்குப் போயி மிடி வாங்கிட்டு வாரேன்" என்றார். இரண்டாம் வகுப்புப் படித்த மகள் அதைக் கேட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் மிடி என்றால் பெண்பிள்ளைகள் உடுத்தும் பாவாடை சட்டைதான். அவள் தோழிகள் எல்லாரிடமும் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து வாசலிலேயே நின்றாள்.

அவர் வந்து இறங்கியது ஒரு நீளமான அட்டைப்பெட்டியோடு. பிள்ளை தெர்மாகோலை எல்லாம் எடுத்து வெளியே போட்டுத் தேடினாள். உள்ளே கீபோர்டு ஒன்றுதான் இருந்தது. "எங்கப்பா மிடி?" என்றாள். அவர் பெருமையோடு பெட்டியைத் திருப்பி, பின்புறம் இருந்த இரண்டு வட்ட ஓட்டைகளைக் காட்டினார். "இந்தா, இதுதான்." அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் கல்லுக்கட்டிக் கடைவீதியில் ஒரு கடையில் நீல நிற மிடி ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் அப்பாவோடு பேச ஆரம்பித்தாள்.

நான் என் பங்குக்கு விடவில்லை. தமிழ் படித்தவளுக்கு மிடி என்றால் வறுமை. "ஊர் உலகத்துல மிடியை விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே ஆள் நீங்கதான்" என்றேன். "டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேலியாக ஆரம்பித்த டீச்சர், கடைசிவரை டீச்சராகவே நின்றுவிட்டது.

அது என்ன என்று எனக்கு விளங்க வைக்க அவர் ரொம்பப் பாடுபட்டார். டேப் ரிக்கார்டர் மாதிரி அது சத்தத்தைப் பிடித்து வைப்பதில்லை. எந்தக் கட்டையை எப்போது அமுக்கினோம், எவ்வளவு பலமாக, எப்போது விரலை எடுத்தோம் என்கிற சேதிகளை மட்டும் குறித்துக்கொள்ளும். மறுபடி ஓட விட்டால் பெட்டி அந்தச் சேதிகளைப் படித்துத் தானே வாசிக்கும். "சமையல் குறிப்பு இருக்கும், சோறு இருக்காது. அப்படித்தானே?" என்றேன். "அதேதான்" என்று கையைத் தட்டினார். அழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து நூற்றிருபத்தேழு வரை எண்ணும் என்றார். நூறோடு நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். கணக்கு வாத்தியாரிடம் கேட்கக் கூடாத கேள்வி. இரண்டின் ஏழாவது அடுக்கைப் பற்றிச் சாப்பாட்டு நேரம் முழுவதும் கேட்க வேண்டியிருந்தது.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்வந்து அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. கல்யாணத்துக்காகத் திறந்து வெள்ளையடித்த பெரிய வீடு. கச்சேரி முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது பெண்ணின் தாயார் இலைகளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். "பாட்டுக்காரவுகளுக்கெல்லாம் எலை போட்டாச்சு. அந்த வயலின் வாசிச்சவுகளைக் காணமே?" இவர், "வயலினும் நான்தான் ஆச்சி, பொட்டியில வாசிச்சேன்" என்றிருக்கிறார். "அப்ப புல்லாங்குழல்?" "அதுவும் நான்தான்." ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்தம் கேட்டுச்சுன்னா ஆளு இருக்கணும்ல. அப்ப மூணு பேரு பங்கையும் நீங்களே சாப்பிடணும்" என்று கவுனியரிசி இனிப்பை மூன்று முறை வைக்கச் சொல்லிவிட்டாராம். மறுநாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வீட்டில் வெகுநாள் வரை அவரை "வயலின்காரவுகளே" என்று கூப்பிட்டுச் சிரித்தோம்.

பெட்டியின் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அதே அளவு குறையும் உண்டு. கீபோர்டின் இடது ஓரத்தில் ஒலியை வளைக்க ஒரு சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் அமுக்கியிருக்கிற கட்டைகள் அத்தனையும் சேர்ந்து வளையும். "பூசையில மணியடிச்சா எல்லாரும் ஒண்ணா முழங்கால் போடுற மாதிரி இருக்கு டீச்சர். ஒருத்தன் மட்டும் நிக்கணும்னா வழியில்லை. நம்ம பாட்டுக்கு இது பத்துமா? ஒரு சுரம் நிக்கும், பக்கத்துல ஒண்ணு வழுக்கிக்கிட்டு வரும். இதைச் செஞ்சவுகளுக்கு அது தெரியலை. சேதி மட்டும் போகுது, சங்கதி போகமாட்டேங்குது." இந்த விதிகளை யாராவது திருத்தியே ஆக வேண்டும் என்பார். என்னவோ திருத்தும் பொறுப்பு என்னிடம் இருப்பதுபோல என்னைப் பார்த்தே சொல்வார். "அதைத் திருத்துறது இருக்கட்டும். அடுப்படிக் குழாய் ஒழுகுது, அதை முதல்ல திருத்துங்க" என்பேன்.

ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்குப் புதிதாகக் காணிக்கைப் பாட்டு ஒன்று போட நினைத்தார். மெட்டு அவருடையது. வார்த்தைகளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். "மிடியோடு நான் இறைவா, வெறுங்கையோடு வந்தேன்" என்று பல்லவியை எழுதிக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான். பாடற்குழுப் பெண்கள் முதல் நாள் ஒத்திகையில் சிரித்த சிரிப்பில் பாட்டே நின்றுபோனது. "மிடியோடவா சார் வந்தீக, என்ன கலரு?" என்று கேட்டிருக்கிறார்கள். வந்து என்னிடம் கெஞ்சினார். வறுமை என்று மாற்றினால் மெட்டில் உட்காராது என்று சொல்லிவிட்டேன். உட்காரும். அவருக்கும் தெரியும். அப்படியே பாடச் சொல்லிவிட்டார்.

அந்த வருடம் பாடற்குழுவின் முன்னால் நின்று கையசைத்து நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. நின்றால் வாசிக்க முடியாது. ஆகவே வாசிப்பை முன்கூட்டியே ஃப்ளாப்பியில் ஏற்றிவிட்டால் பெட்டி தானே வாசிக்கும், தான் நடத்தலாம் என்று திட்டம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முன்னறையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். மகள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பாட்டு கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மிடியோடு நான் இறைவா, வெறுங்கையோடு என்று வாசித்து முடித்த இடத்தில் நான் சத்தம் போட்டேன். "பால் வாங்கிட்டு வரச் சொன்னேனே, போறீகளா இல்லையா?" கட்டைகளிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "இந்தா வாரேன் டீச்சர்" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து 'வந்தேன்' என்பதை வாசித்து முடித்தார்.

"நடுவுல கெடுத்துட்டே. அந்த இடத்தை இன்னொரு நாள் சரி பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பாலுக்குப் போனார்.

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் போறேன் என்று சொல்லமாட்டார்கள். பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் வாரேன்தான். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை. அவருக்குக் காலையிலேயே மேற்பார்வை. நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் வண்டி இல்லை. "சொல்லிக்காமக் கொள்ளாமப் போயிட்டாரு பாரு" என்று மகளிடம் முணுமுணுத்தேன். மத்தியானத்துக்குள் அவருடைய பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். பரீட்சை அறையில் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து கிறிஸ்துமஸ் நெருங்கியபோது பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். வாசிக்க வேறு ஆள் இல்லை. பாட்டு ஃப்ளாப்பியில் இருப்பதாகப் பாடற்குழுப் பெண்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். "ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா வேண்டாம்மா" என்றார். "எடுத்துக்கிட்டுப் போங்க ஃபாதர். எனக்கு என்ன, வாசிக்கவா தெரியும்?" என்றேன். முரட்டுத்தனமாகத்தான் சொன்னேன். அப்படிச் சொல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

கிறிஸ்துமஸ் பூசையில் காணிக்கை நேரம் வந்தது. ஒரு பெண் பொத்தானை அமுக்கினாள். கீபோர்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆர்கன் ஒலித்தது. கட்டைகள் அசையவில்லை. அவர் உட்காரும் ஸ்டூலை யாரும் நகர்த்தியிருக்கவில்லை, அது அங்கேயே காலியாக இருந்தது. சத்தம் கேட்டால் ஆள் இருக்க வேண்டும் என்ற ஆச்சியின் பேச்சு எனக்கு அப்போது சிரிப்பாக இல்லை.

பாட்டு கடைசிச் சுற்றுக்கு வந்தது. மிடியோடு நான் இறைவா, வெறுங்கையோடு. ஆர்கன் நின்றுவிட்டது. பெண்களில் பாதிப் பேர் 'வந்தேன்' என்று தனியாகப் பாடிவிட்டுத் திகைத்து நின்றார்கள். எனக்கு அந்த மத்தியானம் அந்தக் கணம்வரை நினைவுக்கே வரவில்லை. அந்த அமைதிக்குள் "இந்தா வாரேன் டீச்சர்" என்று தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பிறகு ஆர்கன் 'வந்தேன்' என்று முடித்தது. பக்கத்தில் நீல மிடியில் நின்றிருந்த மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "பாலு" என்றாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

பாட்டை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. ஞாயிறு தவறாமல் அதையே போட்டார்கள். ஒரு பெட்டி செய்யும் தவறைத் திருத்தத் தெரியாவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? தாங்கள் திருந்திக்கொள்வார்கள். பாடற்குழு அந்த இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டது. அப்புறம் பெஞ்சில் இருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு என்று பாடிவிட்டுக் கோவில் முழுக்க வாயை மூடி நிற்கும். சிலர் தலை குனிவார்கள். கைக்குழந்தைகள்கூட என்னவோ நடக்கிறது என்று தாயின் முகத்தைப் பார்க்கும். பிறகு எல்லாரும் சேர்ந்து 'வந்தேன்' என்பார்கள். அந்த ஒரு சொல் அப்படி ஒரு கனத்தோடு விழும்.

திருவிழாவுக்குப் பிரசங்கம் வைக்க வெளியூரிலிருந்து வந்த சாமியார் ஒருவர் அந்த மௌனத்தைப் பற்றியே கால்மணி நேரம் பேசினார். இயற்றியவர் ஆழ்ந்த தியானத்தில்தான் அந்த இடத்தை வைத்திருக்க வேண்டும், மனிதன் தன் ஏழ்மையை உணர்ந்து வாயடைத்து நிற்கும் இடம் அது என்றார். நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோவிலை விட்டே அனுப்பியிருப்பார்கள். தியானமாவது ஒன்றாவது, அரை லிட்டர் பால். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. மகள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எனக்கு அவர் குரல் பதிந்த கேசட் ஒன்றுகூட இல்லை. பாட்டு வாத்தியமெல்லாம் பதிவு செய்தாரே தவிர, தான் பேசுவதை யார் பதிவு செய்வார்கள்? எனக்கிருந்தது ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த இடம்தான். வார நாட்களில் பிள்ளைகளைத் திட்டி, தாள் திருத்தி, குழாய்க்கு ஆள் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளித்துவிடுவேன். ஞாயிறு காலையில் அவர் இந்தா வாரேன் என்று சொல்லும் இடம்வரை எனக்குத் தெம்பு இருக்கும்.

இப்படிச் சில வருடங்கள் போயின. தொண்ணூறுகளின் கடைசியில் ஊரில் கணிப்பொறி மையங்கள் வந்துவிட்டன. அதில் ஒன்றில் வேலை பார்த்த இளைஞர், பாடற்குழுவில் சேர்ந்திருந்தவர், என்னைப் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை. "டீச்சர், சாரோட ஃப்ளாப்பி பழசாயிருச்சு. பூஞ்சை பிடிச்சிருச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது. கம்ப்யூட்டர்ல ஏத்திப் பத்திரமாக் குடுத்துர்றேன்" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சில ஞாயிறுகளில் பெட்டி அதைப் படிக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு குளிர்ந்துபோய்ச் சரி என்றேன்.

சில நாள் கழித்து மையத்துக்கு வரச்சொல்லித் திரையில் காட்டினார். ஒவ்வொரு கட்டையும் ஒரு சின்னச் செங்கல் மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தது. "சார் வாசிச்சது அங்கங்க கொஞ்சம் முந்தியும் பிந்தியும் இருந்துச்சு டீச்சர். எல்லாத்தையும் தாளத்துக்கு இழுத்து வச்சுட்டேன். கடைசியில ரெண்டு பார் தாளம் வெறுமனே கிடந்துச்சு. சார் ஏதோ மறந்துட்டாக போல. அதையும் வெட்டி ஒட்ட வச்சுட்டேன். இப்ப சுத்தமா இருக்கு, கேளுங்க."

கேட்டேன். வெறுங்கையோடு வந்தேன். மூச்சுவிட இடமில்லாமல் ஓடியது.

"பழசு இருக்காப்பா?" என்றேன்.

"அதே ஃப்ளாப்பியில அதே பேர்லதான் சேவ் பண்ணிருக்கேன் டீச்சர். ரெண்டு இருந்தாக் குழப்பம்னு." என் முகத்தைப் பார்த்து, "ஏன் டீச்சர், எதுவும் தப்பாயிருச்சா?" என்றார்.

ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால் பள்ளிக்கூடமே அதிரக் கத்துகிறவள் நான். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ தேவலாம். "இல்லப்பா, நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்றேன். அவர் உற்சாகமாகி மிடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நூற்றிருபத்தெட்டுப் படி இந்தக் காலத்துக்குப் பத்தாது, சக்கரம் எல்லாக் கட்டையையும் சேர்த்து வளைக்கிறது, இதையெல்லாம் மேம்படுத்தியே ஆகவேண்டும் என்றார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்ட அதே பேச்சு, அதே வேகம். நான் கேட்டேன். "அந்த வெறுமனே கிடந்த இடத்துக்கு அதுல ஏதாவது பேரு உண்டாப்பா?"

"இல்ல டீச்சர். ஒண்ணும் வாசிக்கலேன்னா சேதியே கிடையாது. அடுத்த கட்டைக்கு முன்னாடி எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு ஒரு நம்பர் இருக்கும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்த எண்ணைத்தான் அந்த இளைஞர் மாற்றியிருந்தார். கட்டை ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. சாரின் வாசிப்பில் ஒரு சுரம் குறையவில்லை என்று அவர் சத்தியம் செய்திருந்தால் அது முழு உண்மைதான்.

மிடியை மேம்படுத்துவது நல்லதுதான். தனித்தனியாக வளையட்டும், எத்தனை ஆயிரம் படி வேண்டுமோ வைத்துக்கொள்ளட்டும். என் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, இத்தனை வருடம் கழித்தாவது காதில் விழுந்ததில் சந்தோஷம். ஆனால் ஒருவர் ஏன் கையை எடுத்தார் என்று குறித்துக்கொள்ள அதில் இடம் போட்டிருக்கிறார்களா என்று போனில் மகளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் அழுவாள்.

ஃப்ளாப்பி மாறின அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். கடைசிச் சுற்றில் வெறுங்கையோடு என்று பாடிவிட்டு, பழகின பழக்கத்தில் சனம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றது. ஆர்கன் நிற்கவில்லை. 'வந்தேன்' என்பதைத் தன்பாட்டுக்கு வாசித்து முடித்து அடங்கிவிட்டது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ லேசாகச் சிரித்தார்கள். ஈஸ்டர் வருவதற்குள் எல்லாருக்கும் புதுசு பழகிவிட்டது, நிற்காமல் பாடினார்கள். மகள்கூடப் பாடினாள். நான் மட்டும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

பக்கத்தில் நின்றவர்கள் எனக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எழுதினதே நான்தான், எனக்கா மறக்கும்? பரீட்சை அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து வாசலைப் பார்த்த மாதிரியேதான் அந்த முதல் ஞாயிறும் பாடற்குழுப் பக்கம் பார்த்தேன். மனுஷர் இரண்டாவது தடவையும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.